எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஆவடி டாங்கி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் ‘டிவி கேம்’ என்று ஆரம்பித்தால் போதும், பேச்சு நிற்காது. முதலில் மரியோ வருவார், அடுத்து காண்ட்ரா, அதற்கடுத்து கண்டிப்பாக டாங்கி கேம். ஊரெல்லாம் அதை விளையாடியிருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு தனி உறவு இருந்தது. ஹெச்.வி.எஃப். என்று நாங்கள் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஆவடிக்கு வந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பிறகு டி-72 ரகமான அஜேயா. போர் வாகன ஆய்வு நிலையமான சி.வி.ஆர்.டி.இ.யில் அர்ஜுன். அப்பாக்கள் ஷிஃப்ட்டில் நிஜ டாங்கி செய்துவிட்டு வருவார்கள். பிள்ளைகள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து மஞ்சள் டாங்கியை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படி ஒரு ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

அந்த கேமின் பெயர் ‘பேட்டில் சிட்டி’. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. நம் கைக்கு வந்த கேசட்டில் பெரும்பாலும் அதன் மாற்றி எழுதப்பட்ட வடிவம்தான் இருந்தது, ‘டாங்க் 1990’ என்று. நம் தளமான கழுகுச் சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும், ஒவ்வொரு நிலையிலும் 20 எதிரி டாங்கிகளை ஒழிக்க வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் நான் இன்று எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றியல்ல. தொடக்கத் திரையில் மூன்றாவது வரியில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒன்று இருக்கும், நினைவிருக்கிறதா? அதை அமுக்கினால் வெறும் கறுப்புத் திரை வரும். பட்டனை அமுக்க அமுக்க செங்கல், இரும்பு, தண்ணீர், மரம், பனி என்று மாறிக்கொண்டே போகும். நமக்குப் பிடித்த இடத்தில் வைத்து நம் களத்தை நாமே வரையலாம். 13-க்கு 13 கட்டம். எங்கள் தெருவில் ஒரு கூட்டமே சண்டையை விட்டுவிட்டு இதில்தான் உட்கார்ந்திருந்தது. ஒருவன் ஆவடி ரயில்வே ஸ்டேஷன் என்று ஒன்றை வரைவான். இன்னொருவன் தன் பெயரின் முதல் எழுத்தை இரும்பில் எழுதுவான். கரண்ட் போனால் அத்தனையும் போச்சு. கேசட்டில் சேமித்து வைக்க வழியே கிடையாது.

கணினியில் படம் எப்படி உருவாகிறது என்பதை எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அந்த மூன்றாவது வரி. பழைய கேம்களின் மீதுள்ள ஏக்கத்தை வெறும் பெருமூச்சாக விட்டுவிடக் கூடாது என்று நான் நினைப்பதற்குக் காரணமும் அதுதான். அந்தப் படங்கள் ஒரு மனிதர் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய அளவில் இருந்தன. திறந்து பார்க்கலாம், கற்றுக்கொள்ளலாம், நாமே செய்யலாம். அதை இன்று நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும்.

பெட்டிக்குள் என்ன நடந்தது

சாமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று என்னென்னவோ பெயரில் பெட்டிகள் வந்தன. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கி வருவோம். வாங்க முடியாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருந்தது நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் அமைப்புதான்.

அதன் கணக்கைப் பாருங்கள். திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி, மொத்தம் 61,440. ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு நிறத்தில் எது என்று குறித்து வைத்தால்கூட 15,360 பைட் வேண்டும். அந்தப் பெட்டியில் பின்புலப் படத்துக்கென்று இருந்த நினைவகமோ வெறும் 2,048 பைட். பிறகு எப்படி மரியோ ஓடினார்?

படத்தை எட்டுக்கு எட்டு கட்டமாக வெட்டினார்கள். அந்தத் துண்டுக்கு டைல் என்று பெயர். ஒரு டைலில் 64 புள்ளி. புள்ளிக்கு 2 பிட் வீதம் ஒரு டைலுக்கு 16 பைட். பின்புலத்துக்கு 256 டைல், நகரும் உருவங்களுக்கு 256 டைல் என்று கேசட்டில் இருக்கும் சிப்பில் 8 கிலோபைட்டுக்குள் அடக்கிவிடுவார்கள். திரை முழுக்க 32-க்கு 30, ஆக 960 டைல்கள் உட்காரும். எந்த இடத்தில் எத்தனையாவது டைல் என்ற எண் மட்டும்தான் நினைவகத்தில். நிறத்துக்கு இன்னொரு 64 பைட். ஒரு முழுத் திரை சரியாக 1,024 பைட்டில் முடிந்துவிட்டது.

இந்தச் சிக்கனம் தெரிந்த பிறகு அந்தக் கேம்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும். ‘சூப்பர் மரியோ’வில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே டைல்கள்தான். நிறம் மட்டும் ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குப் பச்சை. டாங்கி கேமில் முதல் ஆட்டக்காரரின் மஞ்சள் டாங்கியும் இரண்டாமவரின் பச்சை டாங்கியும் அப்படியே. டாங்கியின் சங்கிலி ஓடுவது போலத் தெரிகிறதே, அது இரண்டே படம் மாறி மாறி வருவது. கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுக் மினுக்கென்று மறைந்து தோன்றுமே, அதற்கும் காரணம் உண்டு. ஒரே கிடைக்கோட்டில் 8 உருவத் துண்டுகளுக்கு மேல் பெட்டியில் இருந்த வரைகலைச் சிப்பால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் யாராவது ஒருவர் மறைய வேண்டும். அதே ஆள் எப்போதும் மறைந்தால் ஆட்டம் கெடும் என்பதால் முறை வைத்து மறைத்தார்கள்.

மரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்த கதை இதைவிட அழகு. மரியோ முதலில் வந்த ‘டான்கி காங்’ கேமை 1981-ல் செய்தபோது நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோவிடம் இருந்த புள்ளிகள் மிகக் குறைவு. வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். தலைமுடி அசைவதைக் காட்ட வழியில்லை, தொப்பி போட்டார். உலகத்துக்கே தெரிந்த ஒரு முகம் இடப் பற்றாக்குறையில் பிறந்தது.

என் அக்கா மகளின் விஜயந்தா

இதையெல்லாம் நான் சொல்லிக் கேட்ட என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஃப் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தாத்தா செய்த டாங்கியை வரைய வேண்டும், அதுவும் கேமில் வரும் அதே அளவில். 16-க்கு 16, அதாவது நாலு டைல்.

“மாமா, பீரங்கி நீளமா வரணும். இடமே பத்தல.”

“தாத்தாகிட்ட கேளும்மா. எதை எடுத்தா அது விஜயந்தாவா தெரியாதுன்னு அவருக்குத்தான் தெரியும்.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். “சக்கரத்தை எண்ணி எண்ணிப் போடாத கண்ணு, சங்கிலிப் பட்டை தெரிஞ்சா போதும். டரெட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளு, பீரங்கிக்கு இடம் வந்துடும்.”

105 மில்லிமீட்டர் பீரங்கி அவள் நோட்டில் ஏழு கட்டத்தில் வந்தது. பார்த்தவுடன் தெரிகிறது, அது விஜயந்தாதான். எதை வைப்பது, எதை விடுவது என்ற அந்த முடிவுதான் இந்தக் கலை முழுக்க. வாழ்நாள் முழுக்க டாங்கியோடு இருந்த ஒருவருக்கு அந்த முடிவை எடுக்க இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது. அவள் அன்று கற்றதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

எட்டு எண்ணில் ஒரு தமிழ் எழுத்து

இதே எட்டுக்கு எட்டு கட்டம் வீட்டுக் கணினிகளிலும் இருந்தது. அவை இந்த டிவி கேம் பெட்டிகளுக்கு முன்பே வந்துவிட்டன. நம் பக்கத்தில் அவற்றை வீட்டில் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. பிரிட்டனில் 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமை 1986-ல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்று விற்றது. டிவியில் மாட்டி, பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரில் இருந்து கேமை ஏற்ற வேண்டும். பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ. 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் நாடு முழுக்க 250 பள்ளிகளில் இதைக் கொண்டுபோய் வைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய்த் தொட்ட கணினி பலருக்கு இதுதான். அலுவலகங்களுக்கு பிசி வந்தது. நம் சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் ‘சிவா பிசி’ என்று மலிவு விலையில் விற்றது எண்பதுகளில் பெரிய பேச்சு.

பிபிசி மைக்ரோவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. விசைப்பலகையில் இல்லாத எழுத்தை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். ‘விடியு 23’ என்று ஒரு கட்டளை. அதற்குப் பின்னால் எழுத்துக்கு ஒரு எண்ணும், அதன் எட்டு வரிசைக்கு எட்டு எண்ணும் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வரிசையிலும் எட்டுக் கட்டம். இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. எந்தக் கட்டம் நிரம்ப வேண்டுமோ அவற்றின் மதிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு ‘ட’ போடுவோம். இடப்பக்கம் ஒரு நிமிர்ந்த கோடு, அடியில் ஒரு படுத்த கோடு. முதல் ஆறு வரிசையில் இடப்பக்கக் கட்டம் மட்டும், அதனால் 128. ஏழாவது வரிசையில் ஏழு கட்டம், அதனால் 254. எட்டாவது காலி. ஆக 128, 128, 128, 128, 128, 128, 254, 0. ‘ப’ வேண்டுமா? வலப்பக்கமும் ஒரு கோடு கூடும், 128-க்குப் பதில் 130. ‘பட’ என்று திரையில் எழுதிவிட்டோம்.

இப்போது ‘ண’ போட்டுப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எட்டுக் கட்டத்தின் அகலம் போதவே போதாது. இரண்டு டைலைச் சேர்த்து 16 கட்டம் எடுத்தால்தான் எழுத்து மூச்சு விடும். ‘ஞ’, ‘ஐ’ எல்லாம் இந்த வகை. ஆங்கில எழுத்துக்கென்று வெட்டிய கட்டத்தில் தமிழை உட்கார வைக்க எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்பது ஒரு கிராஃப் நோட்டும் பென்சிலும் எடுத்தால் அரை மணியில் விளங்கிவிடும். பிள்ளைகளுக்கு இரும எண்ணைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கூட்டலும் வருகிறது, எழுத்தின் அமைப்பும் புரிகிறது.

ஸ்பெக்ட்ரமிலும் இதே வசதி உண்டு. அங்கே வேறொரு கட்டுப்பாடு. 256-க்கு 192 புள்ளி உள்ள திரைக்கு 6,144 பைட், நிறத்துக்கு 768 பைட். எட்டுக்கு எட்டு கட்டம் ஒன்றில் இரண்டு நிறம்தான் இருக்கலாம். நீல வீரன் சிவப்புச் சுவர் அருகே போனால் சுவரின் நிறமோ வீரனின் நிறமோ மாறிவிடும். அந்தக் கால ஓவியர்கள் இதைத் தவிர்க்கப் பின்புலத்தைக் கறுப்பாக விட்டார்கள், உருவத்தை ஒரே நிறத்தில் வரைந்தார்கள். அதனால்தான் ஸ்பெக்ட்ரம் கேம் என்றால் பார்த்தவுடனே தெரிகிறது.

தாம்பரத்தில் எழுதிய கோல இலக்கணம்

இந்தக் கட்டம், புள்ளி, எண் என்ற சிந்தனை நமக்கு ஜப்பானில் இருந்தும் பிரிட்டனில் இருந்தும் வந்தது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அம்பத்தூரில் பைபாஸ் ஏறினால் அந்தப் பக்கம் தாம்பரம். அங்கே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைக்கும் படச் செயலாக்கத்துக்குமென அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு சர்வதேச ஆய்விதழில் அது வந்தது. ஒரு வாக்கியத்தை இலக்கண விதி உருவாக்குவது போல, கட்டங்களாக அடுக்கிய ஒரு படத்தையும் விதிகளால் உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். சின்னத் துண்டுகளை எடுத்து, விதிப்படி அடுக்கி, எவ்வளவு பெரிய கோலமும் வளர்க்கலாம்.

1974! ஃபேமிகாம் வர இன்னும் ஒன்பது வருடம். நம் அம்மாக்கள் வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை உலகத்துக் கணினி ஆய்வாளர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தது நம் ஊர்க் கல்லூரி. டைல் வைத்துக் களம் வரைந்த ஆவடிப் பிள்ளைகளுக்கு இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இப்போதாவது சொல்லுவோம்.

ஆரம்பிக்க என்ன வேண்டும்

அதிகம் ஒன்றும் வேண்டாம். அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருந்தாலே போதும். வரைவதற்கு ‘லிப்ரேஸ்ப்ரைட்’, ‘கிராஃப்எக்ஸ்2’ இரண்டும் இலவசம். காசு கொடுத்து வாங்குவதென்றால் ‘ஏஸ்ப்ரைட்’. களம் அடுக்க ‘டைல்டு’ என்ற இலவச மென்பொருள். அதைத் திறந்தவுடன் உங்களுக்கு அந்தப் பழைய கன்ஸ்ட்ரக்‌ஷன் திரை ஞாபகம் வரும். நிறங்களைத் தேர்ந்தெடுக்க ‘லாஸ்பெக்’ தளத்தில் பழைய கணினிகளின் நிறத் தொகுப்புகள் அப்படியே கிடைக்கின்றன. கேமே செய்து பார்க்க ‘டிக்-80’ என்று ஒன்று உண்டு. அது நிஜத்தில் இல்லாத ஒரு கற்பனைக் கணினி. 240-க்கு 136 புள்ளி, 16 நிறம், எட்டுக்கு எட்டு டைல். படம், களம், இசை, நிரல் எல்லாம் ஒரே இடத்தில் எழுதலாம்.

பழைய கேம்களின் உருவங்களைப் பார்த்துப் படிக்க ‘ஸ்ப்ரைட்டர்ஸ் ரிசோர்ஸ்’ தளத்தில் ஒரு சமுத்திரமே இருக்கிறது. பார்த்துப் பழகுங்கள், நகல் எடுத்து வரைந்து பாருங்கள். ஆனால் அவை அந்தந்த நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. உங்கள் கேமில் வைத்து வெளியிடக் கூடாது. வெளியிடுவதற்கு ‘ஓப்பன் கேம் ஆர்ட்’ தளத்தில் கிடைப்பவற்றையோ, கென்னி என்ற டச்சுக் கலைஞர் எல்லாருக்கும் பொதுவென்று விட்டுக்கொடுத்த படங்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் உரிம விவரத்தையும் படித்துவிட்டு எடுங்கள். அதைவிட நல்லது, நீங்களே வரைவது.

இன்னொன்று. 2006 முதல் அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இன்னும் ஓடினால், தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழைய கேம்களை அந்தக் கால ஓவியர்கள் வரைந்தது இந்த மாதிரி குழாய் டிவிக்குத்தான். புள்ளிகள் ஒன்றோடொன்று லேசாகக் கலந்து தெரியும் என்று கணக்குப் போட்டே நிறம் வைத்தார்கள். வாத்து சுடும் கேமின் துப்பாக்கி குழாய் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். புது எல்.இ.டி. டிவியில் அந்த நேரக் கணக்கு தப்பிவிடும்.

லாஃப்ட்டில் இருப்பதை எடுங்கள்

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். மரியோ எங்கும் போய்விட மாட்டார். அவரைப் பாதுகாக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் லிட்டில் மாஸ்டர் பெட்டியின் அட்டை, சாமுராய் கேசட்டின் லேபிள், டிபி ஸ்பெக்ட்ரமோடு வந்த கையேடு, பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோவில் ஒரு மாணவர் எழுதிய நிரல், ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் பாடத் தாள் இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர் வந்து தேட மாட்டார். அது நம் வேலை.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை எழுதிய ஜோர்டன் மெக்னர் அதன் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். அவருடைய அப்பா ஒரு பெட்டியைத் தேடியெடுத்து அனுப்ப, உள்ளே அந்தப் பழைய ஃப்ளாப்பிகள் இருந்தன. 2012-ல் அவற்றைப் படித்து எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். வீட்டில் ஒருவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் அது பிழைத்தது. ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு வருடம் போகப் போக மங்கும். நம் ஊர் ஈரக் காற்றில் பூசணமும் பிடிக்கும். இன்னும் பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. லாஃப்ட்டில் இருக்கும் பழைய பெட்டியை இறக்குங்கள். கேசட், பெட்டி, அட்டை, ரசீது, கையேடு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். எங்கே வாங்கியது, எந்த வருடம், என்ன விலை என்று தெரிந்ததை எழுதி வையுங்கள். அப்பா அம்மாவிடம் கேட்டால் சொல்வார்கள். ஃப்ளாப்பி இருந்தால் நீங்களே பழைய டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம், பூசணம் பிடித்த தட்டு ஒரே சுற்றில் கீறிவிடும். ‘கிரீஸ்வீசில்’ என்று ஒரு சின்ன யு.எஸ்.பி. கருவி உண்டு, அதை வைத்துக் கவனமாக நகல் எடுக்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். எடுத்த படங்களை ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் ஏற்றி, விவரத்தைத் தமிழிலும் எழுதுங்கள். நாளைக்கு ஒருவர் தமிழில் தேடினால் அது கிடைக்க வேண்டும்.

டாங்கி செய்தவர்களும் டாங்கி ஓட்டிய பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்த ஊர் இது. இரண்டு தலைமுறையும் இன்னும் நம்மோடு இருக்கும்போதே, இருப்பதைப் பதிந்து வைப்போம். அடுத்த தலைமுறை கையில் ஒரு கிராஃப் நோட்டைக் கொடுப்போம். அவர்கள் வரையப்போவதில் நம் ஊர் இருக்க வேண்டுமென்றால், நாம் இப்போதே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.